பச்சைப் பட்டினி

மார்ச் 12, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே மேளம் ஆரம்பித்துவிட்டது. நம்பர் ஒன் டோல்கேட்டில் வீடு கட்டாதே என்று அன்றைக்கு எவனாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சமயபுரம் போகிற கூட்டம் முழுக்க என் வாசல் வழியாகத்தான் போகிறது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, தலையில் பூத்தட்டு. பூச்சொரிதலாம். பத்து மணிக்கெல்லாம் காம்பவுண்டுச் சுவரோரம் நாற்பது பாக்குமட்டைத் தட்டு, புளியோதரை ஒட்டியபடி. தண்ணீர் பாக்கெட்டுகள். யாரோ குழந்தைக்குக் கழுவிவிட்ட ஈரம் வேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டித் தள்ளினேன். 

இன்றிலிருந்து இருபத்தெட்டு நாள் அந்த அம்மனே பட்டினி கிடக்கிறாளாம். பக்தர்கள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அவளே விரதம் பிடிக்கிறாளாம். சமைத்த சோறு படைக்கமாட்டார்கள். துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, அவ்வளவுதான். பச்சைப் பட்டினி என்று பெயர். கல்லுக்கு ஏதடா பசி என்று கேட்க இந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

என் மனைவி எழில் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் வைத்திருந்தாள். "இது எதுக்கு?" என்றேன். "வெயில்ல நடந்து போறாங்க. மனுசங்கதானங்க," என்றாள். சரி, மனிதநேயம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

தோழர் கதிரொளி வந்திருந்தார். எங்கள் இயக்கத்தின் மாவட்டச் செயலாளர். நான் கருப்புச் சட்டை போட்டு இந்த ஆண்டோடு ஐம்பது ஆண்டு ஆகிறதாம். ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை பொன்மலையில் விழா. எனக்கும் எழிலுக்கும் சேர்த்து ‘கொள்கை மாறா இணையர்’ என்று பட்டயம் கொடுக்கிறார்கள். விழா மலருக்கு நான் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும்.

"கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிங்க தோழர். தாலி கட்டாதது, அவங்க பேரை மாத்துனது, எல்லாம் வரட்டும். இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியணும்ல?"

எழுதவேண்டியதுதான். 1985இல் ரயில்வே தொழிற்சங்கக் கட்டடத்தில் மாலை மாற்றிக்கொண்டோம். தாலி இல்லை, பொட்டு இல்லை, ஐயர் இல்லை. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் மாரியாயி. அன்று மேடையிலேயே எழிலரசி ஆக்கினேன். பலத்த கைதட்டல்.

கதிரொளி காபி குடிக்கும்போது பார்த்தேன். மோதிர விரலில் நீலக்கல். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார். கார்த்திகையில் கருப்பு வேட்டி, தேர்தலில் கருப்புச் சட்டை என்று திரிகிற ஆட்களையாவது மன்னிக்கலாம், அவர்கள் செயலாளர்கள் இல்லை. காபி டம்ளரை நானே எடுத்துப்போய்ச் சபீனா போட்டுத் தேய்த்தேன்.

மார்ச் 15, புதன்

மூட்டுவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 17, வெள்ளி

கட்டுரைக்குத் தேதிகள் வேண்டும். பரண் மேலிருந்த இரும்புப் பெட்டியை இறக்கினேன். ரயில்வேயில் சேர்ந்த 1979 முதல் ஒரு வருடம் விடாத நாட்குறிப்புகள். ஒர்க்‌ஷாப்பில் என்னை ‘டைரி வில்லவன்’ என்றே சொல்வார்கள். எத்தனை ஊர்வலம், எத்தனை கைது, எந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், எல்லாம் இருக்கிறது. என்னையே நான் மெச்சிக்கொண்டேன் என்று எழுதினால் பொய்யாகாது.

எழில் தோசை கொண்டுவந்து வைத்தாள். நான்கு சாப்பிட்டேன்.

மார்ச் 18, சனி

1988இல் மண்டபம் கிடைக்காமல் மைதானத்தில் மாநாடு நடத்தியதைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டது இது:

‘மார்ச் 22. எழிலுக்கு ஐந்தாம் மாதம். சோறு இறங்கவில்லை என்கிறாள். மோர் மட்டும் குடித்தாள். மசக்கை.’

ஐந்தாம் மாதத்தில் என்ன மசக்கை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. பக்கத்திலேயே கிடந்த 1991ஐப் புரட்டினால், மார்ச் 20: ‘எழிலுக்கு வயிறு சரியில்லை. மோர்.’ சிரிப்பு வந்தது. இவளுக்கு மார்ச் மாதம் பார்த்துத்தான் வயிறு கெடும் போலிருக்கிறது. கோடை தொடங்குகிற நேரம், உடம்பு சூடு.

மார்ச் 19, ஞாயிறு

சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினேன். எழில் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். 1986 முதல் போன வருடம் வரை, ஒவ்வொரு ஆண்டும் மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை பார்த்தேன்.

1994: ‘எழில் சோறு வேண்டாம் என்றாள். பித்தம்.’
1998: ‘எழில் இளைத்திருக்கிறாள். டானிக் வாங்கவேண்டும்.’ வாங்கியதாக எங்கும் குறிப்பில்லை.
2003: ‘காலையில் எழிலுக்குத் தலைசுற்றல். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.’
2011: ‘எழில் இளநீர் கேட்டாள். ஆச்சரியம், எதுவும் கேட்கமாட்டாள்.’

எழுதாத வருடங்களும் உண்டு. அந்த வருடங்களில் நான் கவனிக்கவில்லை என்பதுதான் பொருள். ஏப்ரல் பாதிக்குப் பிறகு வயிற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முப்பத்தேழு வருடம் என் கையெழுத்திலேயே எழுதிவைத்துவிட்டு, படிக்காமல் பரணில் போட்டிருக்கிறேன்.

பெங்களூருக்கு மகளைக் கூப்பிட்டேன்.

"செம்மலர், அம்மா இந்த மாசம் சாப்பிடறதில்லையா?"

"அப்பா, உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"எத்தன வருசமா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து. ஒரே வீட்ல இருக்கீங்க, பார்த்தும் பாக்காத மாதிரி இருக்கீங்கன்னுதான் நெனச்சேன்."

"நீ ஏன் சொல்லல?"

"அம்மா வேண்டாம்னாங்க. ‘அவருக்கு இருக்கறது அது ஒண்ணுதான், அதப்போயி ஏண்டி ஒடைக்கணும்’னாங்க."

போனை வைத்துவிட்டேன். ஏமாற்றுக்காரி. என் வீட்டுக்குள், என் சமையலறைக்குள், நான் ஊரெல்லாம் கத்திக் கத்தி விரட்டிய ஒன்றை உட்கார்த்தி வைத்திருக்கிறாள். எழில் திரும்பி வந்து சர்க்கரையைக் கொட்டிவைக்கும் சத்தம் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மதியம் அவள்தான் பரிமாறினாள். ஆனாலும் சாப்பிட்டேன்.

மார்ச் 21, செவ்வாய்

இன்று ஒளிந்திருந்து பார்த்தேன். அறுபத்தேழு வயதில் சமையலறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்து நின்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

ஏதாவது படம் ஒளித்து வைத்திருப்பாள், விளக்கேற்றுவாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் இல்லை. ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவில் வெல்லத்தைப் பிசைந்து, நின்றபடியே ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டாள், அதே துள்ளு மாவு. ஒரு டம்ளர் மோர். பிறகு எனக்கு மீன் குழம்புக்குப் புளி கரைக்க ஆரம்பித்தாள். கும்பிடக்கூட இல்லை. உதடு அசையவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறவனுக்குக்கூட அது வழிபாடு என்று தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் சோதித்தேன். "இன்னிக்கி நீயும் என்கூட உக்காந்து சாப்பிடு."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க திடீர்னு?"

"ஏன், சாப்பிடக்கூடாதா?"

"நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன். நீங்க சாப்பிடுங்க, கொழம்பு ஆறிடப்போகுது."

பெண் விடுதலை பற்றி நான் பேசிய மேடைகள் நூற்றுக்கு மேல் இருக்கும். என் மனைவி என்ன சாப்பிடுகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. உட்கார்ந்து சாப்பிடு என்று நான் சொன்னது அவளுக்கு அதிசயமாக இருக்கிறது, அதுவும் நான் துப்பறிவதற்காகச் சொன்னது.

மார்ச் 22, புதன்

நடைக்கூட்டம் குறைந்திருக்கிறது. வாசலில் பன்னிரண்டு தட்டுதான். எழில் நான் எழுவதற்கு முன்பே கூட்டிவிட்டாள். வெறும் வயிற்றோடு.

மார்ச் 24, வெள்ளி

மூன்று நாளாக ஒரு வரி எழுதவில்லை கட்டுரையில். என்ன எழுதுவது?

எனக்குப் பிடிக்காதவர்கள் பக்தர்கள்கூட இல்லை. பிடிக்காதவர்கள் நாலு கடையில் கால் வைக்கிறவர்கள். வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி, நாகூருக்குச் சந்தனம், பழனிக்கு மொட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று ராசிக்கல். ஒன்று பலிக்காவிட்டால் மற்றொன்று என்று சீட்டு வாங்குகிற ஆட்கள். நம்பிக்கை என்பது ஒன்றுதான் இருக்கமுடியும், அதற்காக இழக்கத் தயாராக இருக்கவேண்டும் என்று நான் பேசியிருக்கிறேன். நன்றாகவே பேசியிருக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் நான் எதை இழந்தேன்? இரண்டு முறை கைதானேன், மாலையில் விட்டுவிட்டார்கள், மதியச் சாப்பாடு போலீசே வாங்கிக் கொடுத்தது. கூட்டம் என்றால் டீ, வடை, கைதட்டல். கொள்கைக்காக ஒரு வேளை நான் பட்டினி கிடந்ததில்லை. அவளுக்குக் கைதட்ட ஆளில்லை. கேட்டால் வயிற்றுவலி என்று பொய் சொல்லவேண்டும், அந்தப் பொய்யையும் எனக்காகத்தான் சொன்னாள். அவள் நம்புவது அறிவீனம்தான், அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த வீட்டில் கொள்கை மாறாதவர் யார் என்று எவனாவது கேட்டால் என் பெயரைச் சொல்ல எனக்குக் கூசுகிறது.

இதை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கித் தின்றேன்.

மார்ச் 26, ஞாயிறு

கட்டுரையைக் கொடுத்தாயிற்று. அதில் ஒரு வாக்கியம்: ‘என் இணையர் எழிலரசி இந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு நாள்கூட மூடத்தனத்துக்கு எங்கள் வீட்டில் இடம் தந்ததில்லை.’

தெரிந்துதான் எழுதினேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 29, புதன்

கதிரொளி போன் செய்தார். விழாவில் மட்டன் பிரியாணி.

"பங்குனி ஞாயித்துக்கெழம தோழர். சுத்துப்பட்டு ஊரே வெரதம்னு கெடக்கறப்ப நாம மேடையில பிரியாணி திங்கறோம். அதான் நம்ம செய்தி. மொத கவளம் நீங்களும் அம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் ஊட்டிக்கணும். போட்டோ புடிச்சு எல்லா ஊருக்கும் அனுப்பிருவோம்."

அவளுக்கு உடம்பு சரியில்லை, அவளை விட்டுவிடுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். முப்பத்தேழு வருடமாக எழுதிப் பழகிய வாக்கியம்தான். "சரி தோழர்," என்றேன்.

எழிலிடம் விழா இருக்கிறது, சாப்பாடும் அங்கேதான் என்று மட்டும் சொன்னேன்.

"நான் வரணுமா?"

"ரெண்டு பேர் பேரும்தான் அடிச்சிருக்கு."

"அப்ப சரி," என்றாள்.

ஏப்ரல் 1, சனி

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். எழிலுக்கு ரவிக்கை தொளதொளவென்று நிற்கிறது. பக்கவாட்டில் இரண்டு ஊக்கு குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முந்நூறு பேர் இருந்தார்கள். என் கட்டுரையை மைக்கில் படித்தார்கள், அந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் வந்தது. எழில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்தபடி இருந்தாள். பட்டயம் கொடுத்தார்கள். பிறகு மேடைக்குத் தட்டு வந்தது. மண்டபம் முழுக்கப் பட்டையும் கிராம்பும் கொழுப்பும் சேர்ந்த வாசனை. எனக்குப் பசித்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

"ஊட்டுங்க தோழர்!" என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

எழில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் இப்போது ஏதாவது சொல்வேனா என்று பார்ப்பது போலிருந்தது. அப்படி இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாதே. போட்டோக்காரன், "அம்மா, இந்தப் பக்கம்," என்றான். நான் ஒரு கவளம் எடுத்தேன். கறித்துண்டு ஒன்று அதில் இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் சோறாகக் கொடுத்திருக்கலாம். போட்டோவில் கறி தெரியவேண்டும் என்று தோன்றியது. அப்படியே நீட்டினேன்.

அவள் வாயைத் திறந்தாள். நான்தான் ஊட்டினேன். மென்றாள், விழுங்கினாள், போட்டோவுக்குச் சிரித்தாள். பிறகு தன் கையால் எனக்கு ஊட்டினாள்.

ஆட்டோவில் திரும்பும்போது காவிரிப் பாலம் தாண்டியதும் நிறுத்தச் சொன்னாள். இறங்கி ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மூன்று வாரமாக ஒன்றும் போகாத வயிறு, குடலே வெளியே வந்துவிடும் போல ஓங்கரித்தாள். முதுகைத் தடவக் குனிந்தேன். கையை ஆட்டினாள்.

"தள்ளி நில்லுங்க. சட்டையில பட்டுரும்."

தள்ளி நின்றேன்.

வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்துவிட்டுக் கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமான மறுவருடத்திலிருந்து. என்னிடம் மறைத்ததற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்பவன் போல் உட்கார்ந்திருந்தேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ள எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

"அப்பறம் ஏன் வாயத் தொறந்த? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க அம்பது வருசம்ங்க அது. என்னோடது ஒடைஞ்சா எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். உங்களோடது ஒடைஞ்சா முந்நூறு பேரு பாப்பாங்க."

அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. தெரியாமத்தான ஊட்டுனீங்க? தெரியாம செஞ்சதுக்கு அவ கோச்சுக்கமாட்டா. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பீங்களா நீங்க?"

"செஞ்சிருக்கமாட்டேன்," என்றேன்.

ஏப்ரல் 3, திங்கள்

முதலிலிருந்து தொடங்கிவிட்டாள். இன்று ஒன்றாம் நாளாம்.

"இருபத்தெட்டு நாளா? அந்தம்மாவுக்கே இன்னும் ஆறு நாள்ல முடியுது," என்றேன்.

"அவளுக்கு முடியட்டும். இது உங்க பேர்ல இருக்கறது. தெரியாம செஞ்சதுக்கு ஒரு வெரதம் இருந்தாப் போதும், தீந்துரும்."

இனி மறைக்கவேண்டியதில்லை என்பதால் மோர் டம்ளரை எடுத்துவந்து என் முன்னாலேயே உட்கார்ந்து குடிக்கிறாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருப்பது தெரிகிறது. என்னால் பார்க்க முடியவில்லை. பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, புதன்

போட்டோ எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. ‘கொள்கைக் குன்றுகள்’ என்று கதிரொளி போட்டிருக்கிறார். இருநூறு பேர் கை தட்டியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். கறித்துண்டு நன்றாகத் தெரிகிறது. அவள் ஊக்குக் குத்திய இடமும் தெரிகிறது. என் முகத்தைப் பார்த்தேன். பெருமை வழிகிறது. போனைத் தரையில் அடித்திருப்பேன், விலை நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 7, வெள்ளி

எழில் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். டாக்டரிடம் போகலாம் என்றேன். சாப்பிடச் சொல்வார், வேண்டாம் என்கிறாள். அறுபது வயது. தொடர்ச்சியாக ஐம்பது நாள் தாங்குமா?

நான் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவாளா என்று தெரிந்துகொள்ளவேண்டி இருந்தது. சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஒருத்தன் தெரிஞ்சே இந்த மாதிரி செஞ்சிருந்தா? அதுக்கு எத்தன நாள்?"

யோசித்தாள். "அதுக்கு நான் எத்தன நாள் இருந்தாலும் பத்தாதுங்க. செஞ்சவங்கதான் இருக்கணும்," என்றாள். பிறகு, "யாரு அப்படிச் செய்வா?" என்று சிரித்தாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

அம்மனின் பட்டினி இன்றோடு முடிந்தது. விடிந்ததிலிருந்து மேளம், மஞ்சள் கூட்டம், வாசலில் மறுபடியும் எச்சில் தட்டுகள். சோறு கிடைத்துவிட்ட மகிழ்ச்சி ஊருக்கு. எழிலுக்கு இது ஏழாம் நாள்.

காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னால், நான் தெரிந்தே செய்தவன் என்று ஆகும், அவள் இந்த ஏழு நாள் கிடந்தது வீண் என்று ஆகும், செய்தவனே இருக்கவேண்டிய அந்த இன்னொரு பட்டினி என் தலையில் வரும். சொல்லாவிட்டால் இன்னும் இருபத்தோரு நாள் அவள் கிடப்பாள். கடவுள் இல்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அப்படியானால் யாரிடமிருந்து மன்னிப்பு வாங்கித்தர இவளைப் பட்டினி போட்டிருக்கிறேன்?

பத்து மணிக்கு அவள் பக்கத்தில் போய் நின்றேன். மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள், எனக்காக. வாடை அவளுக்குத் தாங்கவில்லை, முந்தானையால் மூக்கை மூடிக் கட்டியிருந்தாள். "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றேன்.

ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டேன்.